குறுக்கு விசாரணையை யார் கற்றுத்தருவது?
சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதிடும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் தொடர்ந்து பங்கேற்றாலே வழக்காடும் திறன் வந்துவிடும் என்று சட்டக் கல்வி பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அவை பெரும்பாலும் மேல்முறையீட்டு வாதங்கள். வழக்கின் சங்கதிகள் முன்பே எழுதித் தரப்பட்டுவிடும், சாட்சிகள் கிடையாது. விசாரணை நீதிமன்றத்தில் பல வழக்குகள் நிற்பதும் விழுவதும் எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில்தான். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்: ஒரு கேள்விக்கு ஒரே சங்கதி, அதுவும் 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே பதில் வரும்படி. சாட்சி தன் பழைய வாக்குமூலத்துக்கு முரணாகப் பேசினால், இன்று சொன்னதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த வாக்குமூலம் தான் கொடுத்ததுதான் என்று அவரையே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதன் பிறகே முரணான வரியைக் காட்ட வேண்டும். அங்கேயே நிறுத்தவும் தெரிய வேண்டும். 'ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?' என்று ஆர்வத்தில் கேட்டால், விளக்கம் சொல்லித் தப்பிக்க நாமே வழிவிட்டதாகும். சமரசப் பேச்சுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வாதிட்டு மட்டுமே பழகியவர் அந்த மேசையிலும் எதிர்த்தரப்பை மடக்கத்தான் பார்ப்பார். அவர்கள் கேட்கும் தொகைக்குப் பின்னால் இருக்கும் தேவை என்ன என்று விசாரிக்க மாட்டார். பேச்சு முறிந்தால் கட்சிக்காரருக்கு, அதாவது தன்னிடம் வழக்கை ஒப்படைத்தவருக்கு, எஞ்சும் வழி எது, அதற்கு ஆகும் செலவும் காலமும் எவ்வளவு என்பதை எழுதி வைக்காமல் உட்கார்ந்தால், நல்ல உடன்பாட்டையும் அடையாளம் காண முடியாது. இதைப் புரியவைக்க, பயிற்சியில் ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறை கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார வையுங்கள்.