81 லட்சம் ஜீப்புக்கு இல்லை

முருகேசன் அண்ணா, மேலே நீங்கள் பகிர்ந்த செய்தி, ராணுவம் 1,300 ஜீப்புகளை 1,056 கோடிக்கு வாங்கியதாகவும், மாருதி ஜிப்சி போன்ற ஒரு சாதாரண வண்டிக்கு 81 லட்சம் கொடுத்ததாகவும் சொல்கிறது. கணக்கு சரிதான், வகுத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஆனால் வாங்கியது ஜீப் இல்லை.

அது இலகுரகச் சிறப்பு வாகனம் என்ற போர் வண்டி. நாலா பக்கமும் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் கவசம் உண்டு. நடுத்தர இயந்திரத் துப்பாக்கி, தானியங்கி கையெறிகுண்டு வீசி, டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஆகியவற்றைச் சுமந்து செல்லும் படைப்பிரிவுகளுக்கானது. பெங்களூரு அல்சூர் பக்கம் நிற்கும் ராணுவத்தின் பழைய ஜிப்சியைப் பார்த்திருப்பீர்கள்: மேலே கான்வாஸ், கதவு வெறும் தகடு, விரலால் தட்டினாலே அதிரும். இரண்டையும் ஒரே விலைத்தட்டில் வைப்பது நியாயமில்லை. ஜிப்சி செய்த வேலைக்கென்று 2017-இல் தனியாக 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத் தளத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, 2021 மார்ச் 22 என்று தேதி கொடுங்கள். மஹிந்திரா டிஃபென்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்த அறிக்கை வரும். தொகை, எண்ணிக்கை, வண்டியின் பயன்பாடு மூன்றும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

விலை அதிகமா என்று கேட்பது நல்ல கேள்விதான் அண்ணா. அதை வேறொரு கவச வண்டியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்தச் செய்தியை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால், அங்கேயும் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள்.