கத்தாரின் சோறு தரைவழி, சம்பாத்தியம் கடல்வழி

2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து, வழிகளை அடைத்து அதை முற்றுகையிட்டன. ஈரான் உறவு, அல் ஜசீரா தொலைக்காட்சி, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்கு ஆதரவு என்று காரணம் சொல்லிப் பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். சண்டைக்குக் காரணம் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முற்றுகை ஏன் பலிக்கவில்லை என்று புரிய வேண்டுமானால் வரைபடத்தைத்தான் விரிக்க வேண்டும்.

கத்தார் ஒரு தீபகற்பம். தரை எல்லை சவூதியோடு மட்டும்தான். வண்டி போகும் வழியும் ஒன்றே: கத்தார் பக்கம் அபு சம்ரா, சவூதி பக்கம் சல்வா. நாட்டின் உணவு இறக்குமதியில் சுமார் 40 சதவீதம் அந்த ஒற்றைச் சாவடி வழியாக லாரிகளில் வந்துகொண்டிருந்தது. கடல்வழிச் சரக்கிலும் பெரும்பகுதி நேராக வரவில்லை. பெரிய கப்பல்கள் துபாயின் ஜெபல் அலியில் கண்டெய்னர்களை இறக்கும், சிறிய கப்பல்கள் அங்கிருந்து தோஹாவுக்கு ஏற்றிவரும். ஆகவே ஒரே அறிவிப்பில் இரண்டு வழியும் அடைபட்டன. கத்தார் குடிமக்கள் 14 நாளில் வெளியேற வேண்டும் என்று மூன்று வளைகுடா அண்டை நாடுகளும் உத்தரவிட்டன. எல்லை தாண்டிப் பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் நடுவில் அறுந்தன. சவூதி மேய்ச்சல் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள் எல்லையில் தண்ணீரின்றித் தவித்தன. வாயில்லா ஜீவன்கள் மீதுமா இந்தக் கோபம்?

இவ்வளவு செய்தும் கத்தாரின் வருமானத்தில் அவர்களால் கை வைக்க முடியவில்லை. காரணம், கத்தாரின் எரிவாயுத் துறைமுகமான ராஸ் லஃபான். வடக்குக் கடலடி வயலிலிருந்து வரும் எரிவாயுவை அங்கே மைனஸ் 162 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். கன அளவு சுமார் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிறது. அதைக் கப்பலில் ஏற்றினால் சவூதி மண்ணை மிதிக்கவே வேண்டாம். வெளியேறும் வாசல் ஹோர்முஸ் நீரிணை. அதன் இரு கரையிலும் இருப்பவை ஈரானும் ஓமானும், இரண்டுமே முற்றுகையில் சேரவில்லை. எகிப்து தன் துறைமுகங்களைக் கத்தார் கப்பல்களுக்கு மூடியது, சூயஸ் கால்வாயை மூடவில்லை. கால்வாய் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற 1888-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்கு இடம் தராது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராஸ் லஃபானிலிருந்து அபுதாபிக்குக் கடலடியில் 364 கிலோமீட்டருக்கு டால்பின் குழாய் போகிறது. நாளொன்றுக்கு சுமார் 200 கோடி கன அடி எரிவாயு. அமீரகத்தின் மின்நிலையங்கள் அதை நம்பியிருக்கின்றன. முற்றுகை நடந்த நாள் முழுக்க அந்த வால்வைக் கத்தார் மூடவில்லை, அமீரகமும் வேண்டாம் என்று சொல்லவில்லை! மேடையில் கேட்ட ஆவேசத்தைவிட இந்தக் குழாயே இரு நாட்டு உறவின் உண்மை நிலையைக் காட்டியது என்பேன்.

அடி வாங்கிய இடம் ஹீலியம். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளுக்குத் தேவையான அந்த வாயுவைத் திரவமாக்கி, கண்டெய்னரில் அடைத்து, சவூதி வழியே சாலையில் ஜெபல் அலிக்கு அனுப்பிவந்தார்கள். அந்தச் சாலை போனதும் ஜூன் மாதத்திலேயே இரண்டு ஆலைகளும் நின்றன. ஓமான் வழியே கடல்வழி கிடைத்த பிறகே மீண்டும் ஓடின.

மாற்று ஏற்பாடுகள் பணத்தால் நடந்தன. துருக்கியும் ஈரானும் உணவு அனுப்பின. கறவை மாடுகள் விமானத்தில் வந்திறங்கின. ஹமாத் துறைமுகம் செப்டம்பரில் முறையாகத் திறக்கப்பட்டது, இந்தியாவின் முந்த்ரா, நவ சேவா துறைமுகங்களிலிருந்தும் நேரடிக் கப்பல்கள் வந்தன. டாலருக்கு 3.64 ரியால் என்ற மதிப்பைக் காப்பாற்ற அரசு தன் வெளிநாட்டுச் சேமிப்பை வங்கிகளில் கொட்டியது. எரிவாயு இல்லாத ஏழை நாடாக இருந்திருந்தால் சில மாதங்களிலேயே மண்டியிட்டிருக்கும். சவூதி தலைமையிலான கூட்டணி முற்றுகையிட்ட யேமனுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அல் ஜசீராவை மூடு, துருக்கிப் படைத்தளத்தை அகற்று என்பவை உட்பட நான்கு நாடுகளும் வைத்த 13 கோரிக்கைகளுக்குக் கொடுத்த கெடு 10 நாள். 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல் உலாவில் சமரசம் ஆனபோது அல் ஜசீரா ஓடிக்கொண்டிருந்தது, துருக்கிப் படைத்தளமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்காகக் கத்தார் கவலையற்ற நாடு என்று எண்ணிவிடக் கூடாது. சவூதிக்கு ஹோர்முஸைத் தவிர்க்க செங்கடலோர யான்பு வரை எண்ணெய்க் குழாய் உண்டு, அமீரகத்துக்கு ஃபுஜைரா வரை உண்டு. கத்தாரின் திரவ எரிவாயுவுக்கு அப்படி எதுவுமே இல்லை. குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 75 லட்சம் டன் வர வேண்டியதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான்.