முழங்காலை எங்கே வைப்பது?

"6 அடி 2 அங்குலமா? அப்புறம் என்ன தம்பி, எந்த வண்டியும் உங்களுக்கு செட் ஆகும்!"

வண்டி விற்கிறவர், சீட்டு தைக்கிறவர், டீக்கடையில் சும்மா நிற்கிறவர், எல்லோரும் பாடுவது இந்தப் பாட்டைத்தான். ரெண்டு காலும் தரையில் ஊன்றினால் வண்டி பொருந்திவிட்டதாம். ஐயா, நான் வண்டியில் நிற்கவா போகிறேன்? ஓடும்போது என் கால் ஃபுட்ரெஸ்ட்டில் அல்லவா இருக்கிறது!

சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நெட்டையனின் தலைவிதி. அது போதாவிட்டால் முட்டி மடங்கி டேங்கை விட்டு வெளியே நீட்டிக்கொள்ளும். ஒடித்துத் திருப்பினால் ஹேண்டில்பார் அதிலேயே இடிக்கும். ராமநாதபுரத்தில் கிளம்பினால் உச்சிப்புளி வருவதற்குள் முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிடும். பாம்பன் பாலம் அதற்கு அப்புறம். ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து காற்று இடது விலாவில் அறையும். தொடையால் டேங்கை இறுக்கினால்தான் உடம்பு வண்டியோடு நிற்கும். என் முட்டிதான் டேங்க் பக்கமே இல்லையே, எதை இறுக்க?

சரி, சீட்டை ஏற்றலாம் என்று போனால், "எவ்வளவு இறக்கணும்?" என்றுதான் முதல் கேள்வியே வருகிறது. ஏத்தணும்ணே என்றால் ஒரு சிரிப்பு. அப்புறம் மெத்தைக்குப் போடுகிற மெது ஸ்பான்ஜை ஒட்டித் தருகிறார்கள். பார்க்க உயரமாகத்தான் இருக்கும், ஆள் உட்கார்ந்தால் பழைய இடத்துக்கே போய்விடும். கெட்டி ஃபோம் வேண்டும், முன்பக்கம் சரியாமல் மட்டமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்க்மேல் போய் விழுவோம் என்று சொன்னால், "நாங்க எத்தனை சீட்டு தைச்சிருக்கோம் தம்பி" என்று கோபம் வேறு.

சீட்டு ஏறினால் ஹேண்டில் எட்டாமல் முதுகு கூனும். ஹேண்டிலுக்கு அடியில் ரைசர், அதாவது அதை உயர்த்தும் முட்டுத் துண்டு, வைத்தால் கேபிள் நீளம் பத்தாது. முழுக்க ஒடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு வண்டி தானாக உறுமும். நீளக் கேபிள் கேட்டால் கடையில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கியர் லிவரைக் கொஞ்சம் தூக்கினால் என் பெரிய ஷூ உள்ளே நுழையும். லிவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுகிற வேலை, அவ்வளவுதான். அந்த போல்ட்டுதான் உப்புக்காற்றில் துருவேறிச் செத்துக் கிடக்கிறதே! ஸ்பேனரை வைத்ததும் தலை முறிந்தது. "கடலோர வண்டின்னா அப்படித்தான்" என்று மெக்கானிக் தத்துவம் பேசுகிறார். கடலோரம் என்று தெரிகிறதல்லவா, சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டு கிரீஸ் தடவினால் கையா தேய்ந்துவிடும்?

இதெல்லாம் கம்பெனிக்காரர்களால் முடியாத வேலையா என்ன? மலைப்பாதைக்கென்றே ராயல் என்ஃபீல்டு விற்கும் ஹிமாலயன் 450 பைக்கில் சீட்டை 825 மில்லிமீட்டரிலும் மாட்டலாம், 845-லும் மாட்டலாம். வாங்கும்போதே அப்படித்தான் வருகிறது. மலை ஏறப் போகிறவனுக்கு மட்டும்தான் முட்டி இருக்கிறதா? தினமும் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் 100 சிசி வண்டியில் அலைகிறவனுக்கு இல்லையா?