டெஸ்க்டாப் நிறைந்தால் ராம் நிறையாது
டெஸ்க்டாப்பில் வைக்கிற ஃபைலெல்லாம் கணினி ஆன் ஆனதும் ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) ஏறிவிடும், அதனால்தான் வேகம் குறைகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியில்லை. டெஸ்க்டாப்பும் சி டிரைவில் யூசர்ஸுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்தான். 4 ஜிபி கல்யாண வீடியோவை அங்கே போட்டாலும் திறக்கிற வரை அது டிஸ்கில்தான் கிடக்கும், விண்டோஸ் காட்டுவது ஐகானை மட்டும். நூற்றுக்கணக்கில் ஐகான் இருந்து, ஹார்ட் டிஸ்க்கும் பழசு என்றால் திரை வந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆபீஸ் நெட்வொர்க்கில் கதை வேறு. ரோமிங் ப்ரொஃபைல் (ஆபீஸில் எந்தக் கணினியில் லாக்-இன் செய்தாலும் நம் டெஸ்க்டாப் கூடவே வரும் ஏற்பாடு) போட்டிருந்தால் லாக்-ஆஃப் செய்யும்போது டெஸ்க்டாப்பில் புதிதாக வந்ததெல்லாம் ஆபீஸின் மையக் கணினியான சர்வருக்கு நகலாகும், நான் வேலை பார்த்த இடத்தில் அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒருவர் தினமும் டாலி (கணக்கு மென்பொருள்) பேக்கப்பை டெஸ்க்டாப்பிலேயே போடுவார், வால்பேப்பர் என்ன படம் என்றே தெரியாது, சாயங்காலம் ஷட்டவுன் கொடுத்துவிட்டு, நகல் முடியாமல் பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேக்கப்பைத் தனியாக சர்வரில் இருக்கிற பொது ஃபோல்டரில் போட்டு, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் வைத்ததும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினால் போதும் என்கிறார், ஐகான் குறையும், சரி, நகலாக வேண்டிய அளவு அப்படியேதானே இருக்கும்?