அந்த 74 சதவீதம் எதைக் காட்டுகிறது?

அண்ணே, 'அமெரிக்காவில் தொற்று வந்தவர்களில் 74 சதவீதம் பேர் ஊசி போட்டவர்கள், அப்போ கொரோனா ஊசி வீண்' என்று போட்டிருக்கிறீர்கள். எண் சரி, முடிவு தப்பு. அது 2021 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராவின்ஸ்டவுன் என்ற ஒரே ஊரில், மக்கள் கூடிய நிகழ்ச்சிகளை ஒட்டிக் கொரோனா பரவியபோது வந்த எண்; தொற்று வந்த 469 பேரில் 346 பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள். ஆனால் அங்கே கூடிய மொத்தக் கூட்டத்தில் எத்தனை பேர் போட்டிருந்தார்கள் என்பது அந்த எண்ணில் இல்லையே!

காரைக்குடியில் ஒரு கல்யாணம், 1000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட 900 பேரில் 90 பேருக்குத் தொற்று, போடாத 100 பேரில் 30 பேருக்கு. தொற்று வந்த 120 பேரில் 90 பேர், அதாவது 75 சதவீதம், ஊசி போட்டவர்கள்; ஆனாலும் போட்டவர்களில் பத்துக்கு ஒருவர்தான், போடாதவர்களில் பத்துக்கு மூன்று பேர். எல்லாருமே போட்டிருந்தால் அது 100 சதவீதமாகவே இருக்கும்.

அப்புறம், அந்த 469 பேரில் மருத்துவமனையில் சேர்ந்தது 5 பேர், இறப்பு இல்லை. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நம்ம பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஐயாவும் ஆச்சியும் தனியாக இருக்கிறார்கள். இதை நம்பி அவர்கள் ஊசியைத் தவிர்த்துவிடக் கூடாது, தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.