அருவிக்குப் போகிற நாளில் அடுப்பு மூட்ட வேண்டாம்

பள்ளி விடுமுறை வந்தாலே நம் வீடுகளில் அருவிப் பேச்சு தொடங்கிவிடும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் இருக்கிற எங்களுக்கு ஜெராய் மலை கண்ணெதிரே நிற்கிறது. மெர்போக் பக்கம் துப்பா, யான் பக்கம் தித்தி ஹாயூன் என்று மலையைச் சுற்றித் தண்ணீருக்குக் குறைச்சலே இல்லை. தாராளமாகப் போங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு நாள் அம்மாவையோ அண்ணியையோ மனைவியையோ சமைக்க விடாதீர்கள். குடும்ப விடுமுறை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் எண்ணும் இடத்துக்கு, ஓடிய உடம்பு. எப்போதாவது குடும்பமாக ஆற்றுக்குப் போகிற நாளில், வேலை நாளைவிடவும் முன்னதாக எழுந்துவிடுவார். புளிச்சோறு ஒரு சட்டி, கோழிப் பிரட்டல் ஒரு சட்டி, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, பாட்டிக்கென்று தனியாகத் தயிர்ச்சோறு. போய்ச் சேர்ந்ததும் நாங்கள் எல்லாரும் தண்ணீரில் குதிப்போம். அம்மா பாயில் உட்கார்ந்து குரங்கு வராமல் சட்டிகளைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே சட்டிகளைத் தேய்ப்பார். இப்போது ரப்பர் தோட்டம் பாதி செம்பனையாகிவிட்டது, நம்மில் பலர் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம், பெண்கள் பேக்டரிக்கும் கிளினிக்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் அருவிக்கரையில் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இன்னமும் அவர்கள்தான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது வழக்கத்தை மாற்றிவிட்டோம். கெடாவில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் சனிக்கிழமை கிளம்புவோம். காலையில் ஊர்க்கடையில் ரொட்டி சானாய், தே தாரிக். பையில் தண்ணீர், வாழைப்பழம், பிஸ்கட். அவ்வளவுதான். வனப்பகுதி திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்கிறோம். மத்தியானத்துக்குள் மலையை விட்டு இறங்கிவிடுவோம், ஏனென்றால் இங்கே மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும்.

சட்டி பானை இல்லாமல் போவதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து வந்த கெப்பாலா ஆயேரை, அந்தத் திடீர்க் காட்டு வெள்ளத்தை, இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். யான், மெர்போக் இரண்டு பக்கமும் பாறையும் மரமும் சேறுமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. மலை 1,217 மீட்டர் உயரம். உச்சியில் கொட்டுகிற மழை கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது, இங்கே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென்று கூடுதலாக மிதந்து வந்தால், இரைச்சல் ஏறினால், அந்த நிமிஷமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். பாயைச் சுருட்டவும் அடுப்பை அணைக்கவும் சட்டியைத் தேடவும் அப்போது நேரம் கிடைக்காது. கையில் ஒரு பை மட்டும் இருந்தால் கிளம்புவது சுலபம்.

எலியையும் சொல்லியாக வேண்டும். 2010-இல் பகாங் மாரானில், லூபோக் யூவில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் சிலர் பிறகு எலிச்சிறுநீர்க் காய்ச்சல் போன்ற கிருமித் தொற்றில் இறந்தார்கள். கரையில் கொட்டிய மிச்சச் சோறும் கோழி எலும்பும்தான் எலியைக் கூப்பிடும் விருந்து. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், அருவியில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

போன முறை அம்மா கைலியும் டீ சட்டையுமாக எங்களோடு மேலே ஏறினார். வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடக்கிற சறுக்கல் பாதை. பிள்ளைகள் வழுக்கி வழுக்கி ஏற, அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்விரல்களை வேரில் ஊன்றி நிதானமாகப் போனார். மலைக்காட்டில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிய கால் அல்லவா! காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பேத்திக்கும் பார்த்துவிட்டார். அப்புறம் கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தவர், கூப்பிடக் கூப்பிட எழுந்து வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம். இருட்டுகிற நேரத்துக்குப் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை. ராத்திரிச் சாப்பாடு முழுக்க அங்கேதான். கெடா லக்சா ஒரு பொட்டலம். கெம்போங் மீன் கரைந்த அந்தக் குழம்புக்கு நான் என்றைக்கும் அடிமை. குச்சியில் குத்திச் சுடுகிற சாத்தே வாங்கும்போது கோழிதானா என்று கேட்டு வாங்குங்கள், மாட்டிறைச்சியும் பக்கத்திலேயே வெந்துகொண்டிருக்கும். பாட்டிக்குச் சுடச்சுட இடியாப்பம், தேங்காய்ப்பூ, நாட்டுச்சர்க்கரை. பிள்ளைகள் அப்பம் பாலிக் கடையை விட்டு நகர மாட்டார்கள். வட்டச் சட்டியில் மாவை ஊற்றி, ஓரம் முறுகியதும் வேர்க்கடலைப் பொடியும் சீனியும் தூவி, சோளத்தை அள்ளிப் போட்டு இரண்டாக மடிக்கிற வரைக்கும் கண் இமைக்காமல் நிற்பார்கள். அம்மாவுக்குப் பிடித்தது மசால் வடை. "நான் சுட்டதுதான் இதைவிட மொறுமொறுப்பு" என்பார். உண்மைதான். ஆனால் இன்றைக்கு வேறொருவர் சுட்டதை அவர் உட்கார்ந்து தின்னட்டும்.

"வெளிச்சாப்பாடு செலவு" என்று சிலர் சொல்வார்கள். கோழி, எண்ணெய், கேஸ் எல்லாம் சும்மா வருகிறதா? விடியற்காலை எழுந்து சமைப்பவரின் தூக்கத்துக்கு யாராவது விலை போட்டீர்களா? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், கூட்டம் அதிகமாக உள்ள கடையாகப் பார்த்து, கண்முன்னே சுட்டுத் தருவதை வாங்குங்கள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வாளி நிறைய ஈரத்துணி, மணல் ஒட்டிய துண்டுகள். அதை வீட்டு ஆண்களும் பையன்களும் அன்றைக்கே அலசிக் காயப்போட்டுவிடுங்கள்.