கடிக்கிற நாயெல்லாம் காவல் நாய் இல்லை

"வருகிற ஆளைக் கடிக்கிற நாய்தான் விசுவாசமானது, குட்டியிலிருந்தே கட்டி வளர்த்தால் நல்ல காவல் வரும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இது பிழை.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு நாய், மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் படலைக்கு ஓடிக் குரைக்கும். அம்மா சட்டியோடு வந்து "சரி, போ" என்றதும் மாமரத்தடியில் போய்ப் படுத்துவிடும். (மீன் தலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.) காவல் என்றால் அவ்வளவுதான். சொல்லியும் அடங்காமல், திரும்பிப் போகிறவரின் குதிக்காலைப் பின்னால் வந்து கவ்வுகிற நாய் பெரும்பாலும் பயந்த நாய். வால் கவட்டுக்குள் இருக்கும், காது பின்னுக்குப் படிந்திருக்கும், கவனித்துப் பாருங்கள்.

குட்டி பிறந்து ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் புது மனிதர்களைப் பயமில்லாமல் ஏற்கப் பழகும் காலம். அப்போது சங்கிலியில் கிடந்த குட்டிக்கு வீட்டாரைத் தவிர எல்லாரும் அந்நியர். கட்டிய நாய்க்குத் தப்பி ஓடவும் வழியில்லை, அப்புறம் மிஞ்சுவது பல்தான். உறுமினால் அடிக்கவும் வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

"சின்னக் கடிக்கு மஞ்சள் போதும்" என்று அதே தம்பி எழுதியிருப்பதும் சரியில்லை. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.